ஊர்ப் பெயரா, ரகப் பெயரா? இத்தாலியச் சிவப்பு ஒயின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மூன்று பாட்டில் கொடுத்தார். ஒன்றில் ‘பரோலோ’, அடுத்ததில் ‘பார்பெரா தாஸ்தி’, மூன்றாவதில் ‘வீனோ நோபிலே தி மொன்தெபுல்சியானோ’ என்று இருக்கிறது. இவற்றில் எது திராட்சையின் பெயர்? (வாசகர், திருச்சி)

பதில்: மூன்றும் மூன்று விதம். பரோலோ என்பது ஊர்ப் பெயர். இத்தாலியின் வடமேற்கில் பியமோந்தே மாநிலத்தில், ஆல்பா நகருக்குப் பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் சிற்றூர் அது. அந்த ஊரையும் சேர்த்துப் பதினொரு ஊர்களில் விளையும் திராட்சைக்குத்தான் அந்தப் பெயரைப் போடலாம். உள்ளே இருப்பது நெபியோலோ என்ற ஒரே ரகம். லேபிளில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பார்பெரா தாஸ்தி நம் ‘சேலம் மல்கோவா’ மாதிரி. பார்பெரா ரகம், ஆஸ்தி ஊர். நடுவில் ‘தி’ என்றோ, உயிரெழுத்துக்கு முன்னால் வெறும் ‘த்’ என்றோ வந்தால் ‘இன்ன ஊரின்’ என்று பொருள்.

மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. மொன்தெபுல்சியானோ என்ற பெயரில் நடு இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதே பெயரில் ஒரு திராட்சை ரகமும் இருக்கிறது. உங்கள் பாட்டில் அந்த ஊரைச் சேர்ந்தது. அதில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது சாஞ்சொவேஸே ரகம். ‘மொன்தெபுல்சியானோ தாப்ருத்சோ’ என்று பார்த்தால் அது அப்ருத்சோ மாநிலத்தில் விளைந்த மொன்தெபுல்சியானோ ரகம். நிறம் அடர்த்தியாகவும் குடிக்க மிருதுவாகவும் இருக்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவு கிடையாது. கடைக்காரர்களே இதில் தடுமாறுவதுண்டு.

தரப் பிரிவுகளையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். டி.ஓ.சி. என்ற பிறப்பிடச் சான்று 1963ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்கு மேல்நிலையான டி.ஓ.சி.ஜி. நடைமுறைக்கு வந்தது 1980இல். பரோலோ, பார்பரெஸ்கோ, புருனெல்லோ, நீங்கள் வைத்திருக்கும் வீனோ நோபிலே ஆகியவை முதலில் அதைப் பெற்றவை. இந்தப் பாட்டில்களின் கழுத்தில் எண் அச்சிட்ட அரசுக் காகிதப்பட்டை ஒட்டியிருக்கும். அது இல்லாத பரோலோவை வாங்காதீர்கள். 1992இல் வந்த ஐ.ஜி.டி. என்ற பிரிவு இவற்றைவிடத் தளர்ந்த விதிகள் கொண்டது. ஆனால் ஐ.ஜி.டி. என்றால் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. 1971ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து வரும் தின்யானெல்லோ போன்ற டஸ்கனி ஒயின்கள், அன்றைய விதிகளுக்கு அடங்காததால் ‘சாதாரண மேசை ஒயின்’ என்ற கடைசித் தரத்தில்தான் விற்கப்பட்டன. விலையோ உச்சத்தில் இருந்தது. தின்யானெல்லோ இன்று ஐ.ஜி.டி.தான். சான்று உறுதி சொல்வது எங்கே, எந்த ரகத்தில், எத்தனை மாதம் வைத்துச் செய்தார்கள் என்பதை மட்டும்தான். ருசிக்குப் பொறுப்பு தயாரிப்பாளர். ஆகவே அவர் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிறைய விலை கொடுத்து வாங்கிய பரோலோவைக் கிளாஸில் ஊற்றினால் நிறம் வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் அடிக்கிறது. வாயில் வைத்தால் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி துவர்ப்பு. கெட்டுப்போனதா, கலப்படமா? (வாசகர், கோவை)

பதில்: இரண்டும் இல்லை. நெபியோலோவின் இயல்பே அதுதான். அதன் தோலில் உள்ள நிறமிகள் காற்றுப் பட்டால் சீக்கிரம் மங்கிவிடும் வகை. அதனால் ஐந்தாறு வருட ஒயினிலேயே ஓரம் செங்கல் நிறமாகும். நிறம் குறைவாக இருந்தாலும் தோலிலும் விதையிலும் துவர்ப்பு ஏராளம். வெளிறிய நிறத்தைப் பார்த்து லேசான ஒயின் என்று நினைத்து வாயில் வைப்பவர் திகைத்துத்தான் போவார். நேர்மாறாக, கருநீலமாக இருக்கும் பரோலோவைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

துவர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எச்சிலின் வழுவழுப்பு போய் நாக்கு வறள்கிறது. கூடவே ஆட்டிறைச்சியோ நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியோ சாப்பிட்டால், டானின் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். பரோலோவை வெறும் வாயில் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது, ரசத்தைச் சோறில்லாமல் குடித்துவிட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்வதற்குச் சமம்.

பாட்டிலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். பரோலோவை 38 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். ‘ரிசெர்வா’ என்றால் 62 மாதம். இது விற்பனைக்கான குறைந்தபட்சம்தான், குடிப்பதற்கு அதுவே ஏற்ற வயது என்று ஆகாது. அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டு கழித்துத்தான் பல பரோலோக்கள் இளகும். மண்ணும் இதில் பேசும். லா மொர்ரா, பரோலோ ஊர்ப் பக்கத்து நீலச்சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களியில் விளைந்தது கொஞ்சம் முன்னதாக இணங்கும். செர்ரலுங்கா, மொன்ஃபோர்தே பக்கத்துக் கெட்டியான மணற்கல் நிலத்தில் விளைந்தது பிடிவாதம் பிடிக்கும்.

இளம் பாட்டிலைத் திறந்தாகிவிட்டது என்றால் அகன்ற கண்ணாடி ஜாடியில் ஊற்றி இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பாட்டிலின் மூடியை மட்டும் திறந்து வைத்தால் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான், அதனால் பயன் இல்லை. ஜாடியில் வைத்த பிறகு ரோஜா, தார், உலர்ந்த இலை என்று மணம் விரியும். அந்த மணத்துக்காகத்தான் இந்த ரகத்தைக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்த முறை செலவைக் குறைக்க ‘லாங்கே நெபியோலோ’ வாங்கிப் பாருங்கள். அதே குன்றுப் பகுதி, 85 சதவீதத்துக்குக் குறையாமல் அதே ரகம், நீண்ட காத்திருப்பு இல்லை.

கேள்வி: கியாந்தி ஒயின் எனக்கு எப்போதும் புளிப்பாகவே படுகிறது. எல்லாக் கியாந்தியும் இப்படித்தானா? (வாசகி, மதுரை)

பதில்: புளிப்பு அதன் முதுகெலும்பு. சாஞ்சொவேஸே ரகம் தாமதமாகப் பழுப்பது. டஸ்கனியின் குன்றுகளில் இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காத்து வைக்கிறது. தக்காளி, ஆலிவ் எண்ணெய், வறுத்த இறைச்சி ஆகியவற்றோடு சேரத்தான் அந்தப் புளிப்பு. தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தாவோடு ஒருமுறை குடித்துப் பாருங்கள். உணவின் புளிப்பு முன்னே வந்துவிட, ஒயினில் செர்ரிப் பழச் சுவை எழும்பும்.

அதே சமயம் எல்லாக் கியாந்தியும் ஒன்றல்ல. வெறும் ‘கியாந்தி’ பரந்த பகுதி, சாஞ்சொவேஸே 70 சதவீதம் இருந்தால் போதும். ‘கியாந்தி கிளாசிகோ’ ஃபிளாரன்ஸுக்கும் சியனாவுக்கும் நடுவில் உள்ள பழைய மையப் பகுதி. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716லேயே கியாந்திக்கு எல்லை வகுத்தார். இன்றைய கிளாசிகோ அந்த நிலத்தைத் தன்னுள் கொண்டது. பாட்டிலில் கருஞ்சேவல் முத்திரை இருக்கும். சாஞ்சொவேஸே குறைந்தது 80 சதவீதம். முன்பு இதில் வெள்ளைத் திராட்சையும் கலப்பது வழக்கம், ஒயின் நீர்த்துப் புளித்ததற்கு அது ஒரு காரணம். 2006 அறுவடையிலிருந்து கிளாசிகோவில் அதற்கு முற்றாகத் தடை. சாதாரணக் கிளாசிகோவை 12 மாதம், ரிசெர்வாவை 24 மாதம், உச்சத் தரமான ‘கிரான் செலெத்சியோனே’வை 30 மாதம் வைத்திருக்க வேண்டும். புளிப்பு பிடிக்காதவர் ரிசெர்வாவுக்குப் போகலாம். புளிப்பு குறைந்துவிடாது, ஆனால் சுற்றிலும் சதை கூடியிருக்கும்.

முழுக்க முழுக்கச் சாஞ்சொவேஸே என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் புருனெல்லோ தி மொன்தல்சீனோ. அதில் 100 சதவீதமும் அந்த ரகம்தான். அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் கடைக்கு வரும். விலை தாங்காது என்றால் அதே ஊரின் ‘ரோஸ்ஸோ தி மொன்தல்சீனோ’. இதுவும் முழுச் சாஞ்சொவேஸே, அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே வந்துவிடும். என்னைக் கேட்டால் சாஞ்சொவேஸேயைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாட்டில் கிடையாது.

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அலமாரியில் ஒரு வருடம் வைத்திருந்த பாட்டிலின் கார்க் மேலே எழும்பி, மூடிக்குக் கீழே பிசுபிசுப்பாக இருக்கிறது. ‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் வைக்கலாம்’ என்றுதானே சொல்கிறார்கள்? (வாசகர், சென்னை)

பதில்: அந்த ‘அறை’ ஐரோப்பாவின் கல் வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் மே மாத அலமாரி 35ஐத் தொடும். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளியிருக்கிறது. இரவில் சுருங்கும்போது காற்றை உள்ளே இழுத்திருக்கும். அந்தப் பாட்டிலைத் திறந்தால் பழச்சுவை போய், வெந்த கொடிமுந்திரி வாசம் அடிக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, குடிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பதுதான் விஷயம். சமையலுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வைத்துக் காக்க 12 முதல் 15 டிகிரி உகந்தது. அதைவிட முக்கியம், ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருப்பது. ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இல்லாத வீட்டில், சாதாரண ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் படுக்கவைப்பது அலமாரியைவிட எவ்வளவோ மேல். சில மாதங்களுக்கு அது தாங்கும். வருடக்கணக்கில் வைத்தால் ஃபிரிட்ஜின் வறட்சியில் கார்க் காய்ந்துவிடும். பத்து ஆண்டு வைத்துக் குடிக்கும் ஆசையோடு இங்கே வெறும் அலமாரியை நம்பிப் பரோலோ வாங்காதீர்கள்.

பரிமாறும் சூட்டிலும் கவனம் வேண்டும். 30 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். மிகவும் குளிர்ந்தால் துவர்ப்பு கசப்பாகிவிடும். பரோலோ, புருனெல்லோ, அமரோனே எல்லாம் 17, 18 டிகிரி. கியாந்தி, பார்பெரா 15, 16. சூடான அறையில் இருந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் சுமார் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலை எல்லாப் பக்கமும் தொடாது, நேரம் இழுக்கும். ஊற்றும்போது கொஞ்சம் குளிர்ச்சி கூடுதலாகவே இருக்கட்டும், நம் ஊரில் கிளாஸில் இருக்கும்போதே சூடேறிவிடும்.

கேள்வி: அமரோனே ஏன் இத்தனை விலை? ‘ரிப்பாஸ்ஸோ’ என்பது அதன் மலிவு வடிவமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: விலைக்குக் காரணம் திராட்சையைக் காய வைப்பது. வெரோனாவுக்கு மேலே வல்பொலிசெல்லா பள்ளத்தாக்கில் கொர்வீனா, கொர்வினோனே, ரொந்தினெல்லா ரகங்களைச் செப்டம்பர் கடைசியில் கையால் பறித்து, தட்டுகளில் ஒற்றை அடுக்காகப் பரப்புவார்கள். காற்றோட்டமான பரணில் 100 முதல் 120 நாள் இருக்கும். வெயிலில் காயவைப்பதில்லை, நிழல்தான். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீராகப் போய்விடும். சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு எல்லாம் செறியும். டிசம்பர், ஜனவரி வாக்கில்தான் பிழிவார்கள். குளிர்கால நிலவறையில் நொதித்தல் மெதுவாக, பல வாரம் நடக்கும். 100 கிலோ புதுத் திராட்சைக்கு 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்க விதி அனுமதிப்பதில்லை. சாதாரணச் சிவப்பு ஒயினில் 70 லிட்டர் வரை எடுக்கிறார்கள். விலைக் கணக்கு இங்கேயே தெரிந்துவிடும்.

தவறு நேரும் இடமும் அந்தப் பரண்தான். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். ஒரு குலையில் ஒரு பழம் நசுங்கியிருந்தாலும் பக்கத்துப் பழங்களுக்குப் பரவும். அதனால்தான் பறிக்கும்போதே நெருக்கமில்லாத, காயமில்லாத குலைகளாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், விசிறி வைத்து ஈரத்தை விரட்டுகிறார்கள். பூஞ்சை தொட்ட பழத்தில் செய்த அமரோனே நிறம் மங்கி, தேனும் காளானும் கலந்த வாசம் தரும்.

சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறும் வரை நொதிக்கவிட்டால் அமரோனே. சட்டப்படி குறைந்தது 14 சதவீதம், நடைமுறையில் 15, 16. இடையில் நிறுத்தி இனிப்பை விட்டு வைத்தால் அதற்குப் பெயர் ரெச்சோத்தோ. அமாரோ என்றால் கசப்பு, இனிப்பான ரெச்சோத்தோவுக்கு எதிராக வைத்த பெயர் அது.

ரிப்பாஸ்ஸோவை மலிவு அமரோனே என்று சொல்ல முடியாது. அமரோனேயை வடித்த பிறகு மிஞ்சும் தோல் சக்கையில் சாதாரண வல்பொலிசெல்லா ஒயினை ஊற்றி மறுபடி நொதிக்கவிடுவார்கள். சக்கையின் மணமும் கனமும் ஏறும். தினசரிச் சாப்பாட்டுக்கு ரிப்பாஸ்ஸோதான் பொருந்தும். அமரோனே 750 மில்லி பாட்டிலை ஆறு பேருக்குக் குறையாமல் பகிருங்கள், அதன் போதை சட்டென்று தெரியாது.

கேள்வி: பலெர்மோவில் குடியிருக்கிறோம். வீட்டில் நம் ஊர்க் காரக் குழம்பும் இறைச்சிக் கறியும்தான். இங்கே கிடைக்கும் சிசிலி ஒயினில் எது சேரும்? நேரோ தாவொலா வாங்கினால் காரம் இரண்டு மடங்காகிவிடுகிறது. (வாசகி, பலெர்மோ)

பதில்: காரணம் ஆல்கஹாலும் துவர்ப்பும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் தூண்டிவிடும், துவர்ப்பு அந்தப் புண்ணைச் சொரசொரப்பாகத் தேய்க்கும். மரப்பீப்பாயில் வைத்த, 14 சதவீதம் உள்ள நேரோ தாவொலாவைக் காரக் கறிக்கு எடுக்கவே வேண்டாம்.

நீங்கள் இருக்கும் தீவிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஃப்ரப்பாத்தோ என்ற ரகம். வித்தோரியா ஊர்ப் பக்கத்து விளைச்சல், நிறம் மெல்லியது, துவர்ப்பு மிகக் குறைவு, காட்டு ஸ்ட்ராபெரி மணம். 13, 14 டிகிரிக்குக் குளிரவைத்துக் குடியுங்கள். கொஞ்சம் கனம் வேண்டுமானால் ‘செராசுவோலோ தி வித்தோரியா’. நேரோ தாவொலா 50 முதல் 70 சதவீதம், மிச்சம் ஃப்ரப்பாத்தோ. சிசிலியில் டி.ஓ.சி.ஜி. பெற்ற ஒரே ஒயின் இதுதான், 2005இல் கிடைத்தது.

எட்னா எரிமலைச் சரிவில் விளையும் நெரெல்லோ மஸ்கலேஸே வேறு உலகம். ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் வரை கருஞ்சாம்பல் மண்ணில் நிற்கும் கொடிகள். ‘எட்னா ரோஸ்ஸோ’வில் இது குறைந்தது 80 சதவீதம். பார்வைக்கு வெளிறி, வாயில் நெபியோலோ போலத் துவர்ப்பாகப் பிடிக்கும். காரக் குழம்போடு வேண்டாம். மிளகும் உப்பும் மட்டும் போட்டு வறுத்த ஆட்டிறைச்சியோடு எடுத்துப் பாருங்கள், மிளகின் மணமும் அதன் மண்மணமும் ஒன்றையொன்று தூக்கிவிடும்.

கேள்வி: இத்தாலியின் பிரிமித்தீவோவும் கலிஃபோர்னியாவின் ஜின்ஃபாண்டலும் ஒன்றா? (வாசகர், பெங்களூரு)

பதில்: ஒரே ரகம். மரபணுச் சோதனையில் உறுதியானது. மூலத்தைத் தேடிப் போனவர்கள் 2001இல் குரோவேஷியக் கடற்கரையில் அதே கொடியைக் கண்டார்கள். பிரிமித்தீவோ என்றால் முந்திப் பழுப்பது. தெற்கே புல்யாவில் ஆகஸ்டிலேயே பறிப்பார்கள். ஒரே குலையில் சில பழம் உலர்ந்தும் சில பழம் பச்சையாகவும் இருக்கும், ஜாம் போன்ற இனிப்பு மணமும் கூடுதல் ஆல்கஹாலும் அதனால்தான்.

கேள்வி: பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போலப் பளபளவென்று ஏதோ இருக்கிறது. பயமாக இருக்கிறது. (வாசகி, சேலம்)

பதில்: அது கண்ணாடி அல்ல. விரலால் நசுக்கிப் பாருங்கள், நொறுங்கும். வெந்நீரில் போட்டால் கரையும். நம் புளியில் உள்ள அதே டார்டாரிக் அமிலம், பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிகமாகியிருக்கிறது. அடைக்கும் முன் ஒயினைக் கடுங்குளிரில் வைத்து இந்தப் படிகத்தைப் பிரித்தெடுக்காததன் அடையாளம். கருஞ்சிவப்பாகச் சேறு போல இருந்தால் அது வண்டல், நிறமியும் துவர்ப்பும் கூடி அடியில் படிந்தது. பாட்டிலை ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குக் கீழே டார்ச் வெளிச்சம் வைத்து, ஒரே சாய்வில், இடையில் நிமிர்த்தாமல் ஜாடிக்கு மாற்றுங்கள். தோள்பகுதிக்குக் கரிய இழை வந்ததும் நிறுத்திவிட வேண்டும். 40, 50 மில்லி வீணாகும், போகட்டும். இருபது வருடம் தாண்டிய பாட்டிலுக்கு இதைப் பரிமாறும் நேரத்தில்தான் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால் இருக்கும் கொஞ்ச மணமும் பறந்துவிடும்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ரகங்களை ருசித்துப் பழக நினைக்கிறோம். எத்தனை பாட்டில், எந்த வரிசையில்? (வாசகர், கொழும்பு)

பதில்: முதல் நாளுக்கு மூன்று போதும்: பார்பெரா தாஸ்தி, கியாந்தி கிளாசிகோ, லாங்கே நெபியோலோ. பார்பெராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. கியாந்தியில் இரண்டும் சமம். நெபியோலோவில் இரண்டுமே உச்சம். இந்த வரிசையில்தான் போக வேண்டும். நெபியோலோவை முதலில் ஊற்றினால் நாக்கு மரத்துப்போய் பார்பெரா தண்ணீராகத் தெரியும்.

ஒருவருக்கு 60 மில்லி. மூன்றையும் மூன்று கிளாஸில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கழுவிக் கழுவி ஒரே கிளாஸில் ஊற்றினால் ஒப்பிட முடியாது. வெள்ளைத் தாள் மேல் சாய்த்து ஓரத்து நிறத்தைப் பாருங்கள். ஒரு வாய் எடுத்து, எச்சில் பக்கவாட்டில் எவ்வளவு ஊறுகிறது என்று கவனித்தால் அது புளிப்பின் அளவு. ஈறு எவ்வளவு வறள்கிறது என்பது துவர்ப்பின் அளவு. பெயர் சொல்லத் தெரியாத பழ மணங்களைத் தேடித் தவிக்க வேண்டாம், முதல் நாளில் இந்த இரண்டும் பிடிபட்டால் போதும். பாதிச் சுற்றில் உப்புப் போட்ட பாலாடைக்கட்டி கொடுத்துவிட்டு மறுபடி நெபியோலோவைக் குடிக்கச் சொல்லுங்கள். ஊதுபத்தியும் வாசனைத் தைலமும் அந்த அறையில் வேண்டாம். மிச்சத்தைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

கேள்வி: புதிதாகத் திறந்த பார்பெராவில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். ஜாடியில் ஊற்றி வைத்தால் போகுமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: போகாது. காற்றுப் பட்டால் கூடத்தான் செய்யும். கார்க்கில் உண்டான டி.சி.ஏ. என்ற சேர்மம் அது. குடித்தால் தீங்கில்லை, ஆனால் பழ மணத்தை அப்படியே அமுக்கிவிடும். சமையலில் ஊற்றினாலும் வாசம் ஒட்டிக்கொள்ளும். கார்க்கையும் மீதி ஒயினையும் பாட்டிலோடு கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தரக் கேளுங்கள். திறந்தவுடன் தீக்குச்சி வாசமோ அழுகிய முட்டை வாசமோ வந்தால் மட்டும் அரை மணி நேரம் ஜாடியில் விட்டுப் பாருங்கள், அது பெரும்பாலும் விலகிவிடும்.